இடது பக்கம் எப்படி இருக்கிறது?

அந்தக் கேள்வி வந்தது பட்டப்பகலில். நான் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். போன் சிணுங்கியது.

"இடது மார்பில் உள்ள கட்டி இப்போது எப்படி இருக்கிறது?"

எனக்குக் கட்டியே கிடையாது. "யாருக்குடி கட்டி? உன் வாயில புண்ணு வர!" என்று போனைப் பார்த்துக் கத்தினேன். வீட்டில் வேறு யாரும் இல்லை.

பிழைக்க வந்த இடத்தில் பெண்கள் உடம்பைக் கவனிப்பதில்லை என்று, மார்பகப் பரிசோதனைக்கு வரச்சொல்லி ஆஸ்பத்திரிக்காரர்கள் தமிழிலேயே செய்தி அனுப்புகிறார்கள். எழுத்து தெரியாதவர்களுக்குத் தொட்டால் வாசித்தும் காட்டும்; பேசியே பதிலும் அனுப்பலாம். எங்கள் சலவை ஆலைக்கே வந்து எண் வாங்கிப் போனார்கள். எனக்கும் என் ஓரகத்திக்கும் ஒரே வீடு, ஒரே போன்தான். காலை ஷிப்ட் எனக்கு, மதிய ஷிப்ட் அவளுக்கு. உள்ளே போன் ஆகாது. அதனால் இரண்டு மணிக்கு ஆலை வாசலில் கை மாறும்.

"எனக்கு ஒன்றும் இல்லை" என்று அடித்து அனுப்பினேன். பரிசோதனை நேரம் ரத்து என்று பதில் வந்தது. நான் எப்போது நேரம் கேட்டேன்?

அடுத்த மாதம் இன்னொன்று. "வலி இல்லை என்று சொன்னீர்கள். கட்டி பெரிதாகியிருக்கிறதா?"

குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஆலையில் விரிப்பு மடிக்கும்போதுகூடக் கை தன்னால் இடது பக்கம் போனது. என் உடம்பைப் பற்றி எனக்கு முன்னாலேயே இந்தச் சனியனுக்குத் தெரிந்துவிட்டதா? போனை அலமாரியில் துணிக்கு அடியில் திணித்தேன். உள்ளேயிருந்து சிணுங்கியது. "மீண்டும் நேரம் கேட்டதற்கு நன்றி." அதையும் ரத்து செய்தேன். மறுபடி ஒன்று வந்தது. அதையும்தான்.

நாலாவது மாதம், "தாமதிக்க வேண்டாம்" என்று வந்தது. பயமும் ஆத்திரமும் தலைக்கேறி, வேலை முடிந்த கையோடு நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சத்தம் போட்டேன்.

தமிழ் பேசும் நர்ஸ் கம்ப்யூட்டரைத் திருப்பினாள். "நீங்கதானே பேசி அனுப்பினீங்க?"

கம்ப்யூட்டரிலிருந்து ஒரு குரல் கிசுகிசுத்தது. எங்கள் சமையலறைக் குழாய் சொட்டும் சத்தம் பின்னால் கேட்டது.

"அக்கா வேலைக்குப் போயிருக்கா. முதல்ல புளியங்கொட்டை மாதிரி இருந்துச்சு, இப்ப கோலிக்குண்டு. கேட்டா நேரம் குடுக்குறீங்க, அப்புறம் நீங்களே வேணாங்குறீங்க. நான் என்ன தப்பு பண்ணேன்? அக்காகிட்ட சொல்லிடாதீங்க, கத்துவா."

என் ஓரகத்தி. நான் அடித்து அனுப்பியதை வாசிக்க அவளுக்கு எழுத்து தெரியாது. பேசிவிட்டு, நான் பார்த்துவிடக் கூடாதென்று ஒவ்வொன்றையும் அழித்திருக்கிறாள். நர்ஸின் திரையில் அவள் பேச்சுக்குக் கீழே என் பதில்கள் வரிசையாக நின்றன.

"அஞ்சு மணிக்குள்ள கூட்டிட்டு வாங்க, இருக்கேன்" என்றாள் நர்ஸ்.

ஆலைக்கு ஓடினேன். மேற்பார்வையாளர் கத்தக் கத்த உள்ளே நுழைந்தேன். நீராவிக்குள் நின்று அவள் தலையணை உறைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"கிளம்புடி. நர்ஸ் காத்திருக்கா."

அவள் முகம் வெளுத்தது. "திட்டாதக்கா."

"வேணாம்னு சொன்னது ஆஸ்பத்திரி இல்லடி. நான்தான். மூணு தடவையும் நான்தான்."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். மெதுவாகக் கையுறையைக் கழற்றினாள்.

"எத்தனை மாசம் போச்சுக்கா?"

அவள் கையிலிருந்த கையுறையை வாங்கிக்கொண்டேன்.

"நாலு" என்றேன்.