எண்ணெய் விழாத குளம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. மலாயாவில் லாபிஸ் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நான் பள்ளி வாத்தியார். நேற்று, பால் வெட்டும் வெள்ளையம்மாவின் லயத்து வீட்டுக்குப் பின்னால் அவள் குளம் எண்ணெய் படர்ந்து கிடந்தது. மீன்கள் செத்து மிதந்தன. வீட்டுக்கு வந்ததும் பேனாவை எடுத்தேன்.

2

'காலைக் கதிர் தாமரை இலையில் பட்டு...'

(அடித்துவிட்டேன். அங்கே தாமரையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.)

மூத்த மகள் மலேரியாவில் போனபிறகு, இளையவளையாவது காப்பாற்ற, லயத்தைச் சுற்றித் தேங்கும் தண்ணீரை ஒரே இடத்தில் சேர்த்து மீன் விட வெள்ளையம்மா தோண்டிய குளம் அது. உதிர்ந்த இலையை அன்றன்றே அள்ளுவாள். பாசியில் பாதியை விட்டுவைப்பாள், மீனுக்கு நிழல் வேண்டுமாம். தண்ணீர் நாறும் என்று ஒரு பருக்கை சோறு போட விடமாட்டாள். மீன்கள் கொசுப்புழுவைத் தின்று தீர்த்தன.

3

இனி டிரஸ்ஸர் ஐயாத்துரை. தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்ளும் யாழ்ப்பாணத்துக்காரர். தேங்கிய தண்ணீர் எல்லாவற்றிலும் புழு சாக கொசு எண்ணெய் ஊற்ற வேண்டும் என்பது தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் உத்தரவு.

[இவரைக் கொஞ்சம் நல்லவராகக் காட்ட முயன்றேன். வரவில்லை.]

"மீன் இருக்குங்க ஐயா. ஒரு புழு காட்டுங்க பாப்போம்" என்றிருக்கிறாள் வெள்ளையம்மா.

"புழு இருக்கோ இல்லையோ, கட்டளை எண்டா கட்டளை" என்றவர், எண்ணெய்க்காரனிடம் "ஊத்தடா" என்றிருக்கிறார்.

அவர் வீட்டுப் பின்புறமும் ஓர் அல்லிக்குளம் உண்டு. மனைவி யோகம் ஆசையாக வைத்தது. இலை அழுகிப் புழு நெளிகிறது. அதில் இன்றுவரை ஒரு சொட்டு எண்ணெய் விழுந்ததில்லை. வயிறு எரியுமா எரியாதா, சொல்லுங்கள்.

4

முடிவு ஒன்று: டிரஸ்ஸர் மனம் திருந்தி...

(போங்கள், நீங்களே நம்பமாட்டீர்கள்.)

முடிவு இரண்டு: டிரஸ்ஸருக்கே மலேரியா. இதை ஆசை ஆசையாக எழுதி வெள்ளையம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"வேணாங்க வாத்தியாரே. அவரு படுத்துட்டா நம்ம புள்ளைங்களுக்குக் காய்ச்சல் வந்தா கொயினா மருந்து யாரு குடுப்பா? அடிச்சிருங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தேன்.

5

பிழைத்த மீன்களை வாளியில் எடுத்துக்கொண்டு அவள் கிளம்பினாள். எங்கே என்று கேட்டேன்.

"டிரஸ்ஸர் வீட்டுக் குளத்துக்கு. அங்கதான் எண்ணெய் ஊத்த மாட்டாங்க. கொசுவும் அங்கேருந்துதானே நம்ம லயத்துக்கு வருது."

அவள் குளத்தை நாசமாக்கினவர் குளத்தை அவளே போய்ச் சுத்தம் செய்ய வேண்டுமாம். இந்த அநியாயத்தை நல்ல முடிவு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. வேறு முடிவும் தெரியவில்லை.

இப்போது அவள் டிரஸ்ஸர் வீட்டுப் படலைக்கு வெளியே நிற்கிறாள். யோகம் வந்து, "வாளிக்குள்ள என்ன?" என்று கேட்கிறார். படலையைத் திறப்பாரா, திருப்பி அனுப்புவாரா, நீங்களே எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள். வாளித் தண்ணீரில் மீன் அதிக நேரம் தாங்காது.