பங்கு போகாத பத்து லட்சத்து மூன்று

1

இந்தக் கதை பிறந்த விதத்தைச் சொன்னால் வெட்கக்கேடு. ஒரு மத்தியானம் தூக்கம் வராமல் எண்களை வகுத்துக்கொண்டிருந்தேன். 10,00,003 மாட்டியது. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத முதன்மை எண். இப்படியொரு பிடிவாதக்காரனைக் கதாநாயகனாக்காமல் விடலாமா?

முதல் வரி: ‘கந்தப்பளை மலையில் பனி பஞ்சுபோல...’ (சீ! அடித்துவிட்டேன். எண்ணுக்கு எதற்குப் பனி?)

2

1962. நுவரெலியாப் பக்கத்துத் தேயிலை மலை ஊரான கந்தப்பளையில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர் செல்லசாமி முதலாளி. மகள் பூரணிக்கு நெருப்புக் காய்ச்சல் கண்டபோது கற்பூரம் கொளுத்தி நேர்ந்தார்: பிழைத்தால் கோயிலில் பத்து லட்சம் தடவை ‘முருகா’ சொல்லவைப்பேன். மொய்கூடப் பூச்சியத்தில் முடியக் கூடாது என்கிற மனிதர். பிள்ளையார் பேர் ஒன்று, பெருமாள் பேர் ஒன்று, மாரியம்மன் பேர் ஒன்று கூட்டினார். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான மேல் லயமும் கீழ் லயமும் தேர்வடத்துக்கே அடித்துக்கொள்ளும் என்பதால், சொல்பவர்கள் ஆளுக்குச் சமமாய்ச் சொல்ல வேண்டும் என்றும் சேர்த்தார். அது முடிந்த பிறகுதான் அவளுக்குக் கல்யாணம்.

பூரணி பிழைத்தாள். வம்பும் பிழைத்தது.

3

மாப்பிள்ளை தங்கவேலு, தோட்டத்தில் வாழ்க்கைப்பட்ட அத்தையின் மகன், தேயிலை ஃபேக்டரியில் வேலை. (இவன்மேல் எனக்கு நம்பிக்கையில்லை. நல்லவன், அதற்குமேல் ஒன்றும் தோன்றவில்லை. பூரணிக்குப் பிடித்திருக்கிறது, நான் யார் நடுவில்?)

பூரணி சரக்குக் கட்டும் தாளில் வகுத்துக்கொண்டே இருந்தாள். எத்தனை பேருக்குப் பிரித்தாலும் மீதி.

“இது பங்கு போகாதுப்பா. நீங்க ஒருத்தரே அத்தனையும் சொல்லணும். இல்லாட்டி பத்து லட்சத்து மூணு பேரு ஆளுக்கு ஒண்ணு சொல்லணும்.”

“நுவரெலியாவையே கூட்டிட்டு வந்தாலும் காணாதே!”

“ஒண்ணைக் கொறைச்சா ஆறு பேருக்குச் சமமா வருது.”

“எந்தச் சாமிய வெட்டச் சொல்றே? கற்பூரத்துக்கு முன்னால சொன்னது கொறையவே கொறையாது!”

“என் வயசு மட்டும் கூடிக்கிட்டே போவுதே!” என்று பூரணி அழுதுவிட்டாள்.

(அடிக்குறிப்பு: ஆயிரத்துக்கு உட்பட்ட முதன்மை எண்களால் வகுத்துப் பார்த்தாலே போதும். பூரணிக்கு இதை நான் சொல்லியிருக்கலாம். கதை சீக்கிரம் முடிந்துவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன்.)

4

முடிவு அ: செல்லசாமி தனியாகவே சொல்லத் தொடங்கி, தொண்டை கட்டி... (வேண்டாம். கடையை யார் பார்ப்பது?)

முடிவு ஆ: பூரணியும் தங்கவேலுவும் யாருக்கும் தெரியாமல் டயகம பஸ்ஸில் ஏறி... (பூரணியே மறுத்துவிட்டாள். “நேந்ததாலதான் நான் பொழைச்சேன்னு அப்பா நம்புறாரு. அத ஒடைச்சிட்டு எப்புடிப் போறது?”)

முடிவு இ: தங்கவேலு பேசினான். நானே எதிர்பார்க்கவில்லை.

“கொறைக்கத்தானே கூடாது மாமா? கூட்டலாமில்ல? எங்க ரோதமுனிய விட்டுட்டீங்களே!”

ஃபேக்டரிச் சக்கரத்தைக் காக்கும் சாமி ரோதமுனி.

“அது சுருட்டுக் குடிக்கிற சாமிடா!”

அதற்குள் பூரணி வகுத்துவிட்டாள். 10,00,004. இருநூற்றுப் பன்னிரண்டு பேர், ஆளுக்கு 4,717. மீதி பூச்சியம். கடைக்குள்ளேயே ஒரு குதி குதித்தாள். அவள் முகத்தைப் பார்த்துச் செல்லசாமி தலையாட்டினார். “ஆனா அந்தப் பேர வேற யாராச்சும் சொல்லட்டும்.”

லயத்து ஆட்கள் விடவில்லை. “நேந்தது நீங்கதானே முதலாளி!”

5

இருநூற்றுப் பதினொரு பேர் முடித்துவிட்டார்கள். கடைசி ஆள் செல்லசாமி. அவர் பங்கில் பாக்கி ஒரே ஒரு பேர், அந்தச் சுருட்டுச் சாமியின் பேர். தங்கவேலு கும்பிட்டபடி நிற்கிறான். பூரணி அப்பாவின் உதட்டையே பார்க்கிறாள்.

செல்லசாமி வாயைத் திறந்து

(இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை. நீங்களும் அவசரப்பட்டு அவருக்காகச் சொல்லிவிடாதீர்கள். ஆள் இருநூற்றுப் பதின்மூன்றாகி, பங்கு மறுபடி கெட்டுவிடும். மனசுக்குள்கூட வேண்டாம். என்னது, சொல்லிவிட்டீர்களா? அடப் பாவமே! பூரணிக்கு இனி நீங்களே பதில் சொல்லுங்கள்.)