விலேமின் ஜன்னல்

மிலாடா தன் வாழ்நாளில் படித்தும் புரிந்துகொள்ளாத ஒரே காகிதம், அவளே கையெழுத்துப் போட்டு அனுப்பிய விண்ணப்பம்தான்.

முதல் வருஷம் அவள் எழுதியது இரண்டே வரி. 'இறந்துபோன என் கணவர் உட்கார்ந்திருந்த ஜன்னலின் கண்ணாடியை உருக்கி ஒரு ஜாடி செய்ய வேண்டும். ஆறு வாரம் உலை தந்தால் போதும்.' அதற்குப் பதிலே வரவில்லை. மறு வருஷம், ப்ராக்கில் கலை விமர்சனம் படிக்கும் அக்கா மகளிடம் பொறுப்பை ஒப்படைத்தாள். அந்தப் பெண் அதைப் பதினான்கு பக்கத்துக்கு விரித்து, 'இல்லத்தின் எல்லையாக ஒளிபுகும் தன்மை: ஒரு கட்டவிழ்ப்பு' என்று தலைப்பும் வைத்துக் கொடுத்தாள். கணவர் அதில் ஒரு இடத்திலும் இல்லை. ஒன்பதாம் நாள் அனுமதி வந்துவிட்டது.

புகோவாவின் பழைய கண்ணாடித் தொழிற்சாலையில்தான், கலைஞர்களுக்கு உலையும் இடமும் தரும் அந்த அறக்கட்டளை நடந்துவந்தது. அதன் இயக்குநர் டாக்டர் ஹவ்லாஸ், ஜூன் மாத வெயிலிலும் கழுத்துத் துணியை அவிழ்க்காதவர். அவருடைய இடத்தில் யாரும் கண்ணாடி ஊதுவதில்லை. 'பொருளிடம் கேள்வி கேட்கிறார்கள்'.

"நான் முப்பது வருஷமா கேட்டுக்கிட்டுதான் இருக்கேன், டீச்சரம்மா," என்றான் உலைக்காரன் லூமீர். "அது பதில் சொன்னதில்லை. கையைத்தான் சுட்டிருக்கு."

அவள் பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவள் என்று தெரிந்த நாளிலிருந்து லூமீர் அவளை அப்படித்தான் கூப்பிட்டான். அவளும் அவனை மாஸ்டர் என்றாள். இளவயதில் கண்ணாடிப் பள்ளியில் நான்கு வருஷம் படித்திருந்தாலும், ஊதுகுழலைத் தொட்டே முப்பது வருஷத்துக்கு மேலாகியிருந்தது. ஊத வேண்டியவன் அவன்தான்.

போர்வையில் சுற்றிக் கொண்டுவந்திருந்த கண்ணாடியை அவள் பிரித்துக் காட்டினாள். பழைய காலத்துக் கண்ணாடிப் பலகை. லேசாகப் பச்சையோடி, தண்ணீர் மாதிரி அலையலையாக இருந்தது. நாலு கிலோ இருக்கும். அவளிடம் வீட்டை வாங்கியவர்கள் எப்படியும் பிளாஸ்டிக் ஜன்னல் போடப்போகிறவர்கள். குப்பை குறைந்தது என்று சந்தோஷமாகக் கொடுத்துவிட்டார்கள்.

லூமீர் ஒரு சில்லை உருக்கி, உலையிலிருந்த வழக்கமான கண்ணாடியில் ஒரு துளியை அதன் பக்கத்தில் ஒட்டி, இரண்டையும் சேர்த்து நூல் போல இழுத்தான். நூல் ஆற ஆற, வில்லாக வளைந்துகொண்டே போனது.

"பாத்தீங்களா? ஒண்ணு கூடச் சுருங்குது, இன்னொண்ணு கம்மியாச் சுருங்குது. சேத்து ஊதினா இன்னிக்கு நல்லாத்தான் இருக்கும். மூணு வாரம் கழிச்சு நீங்க தூங்கிட்டிருக்கும்போது டப்புனு வெடிக்கும். உங்க ஜன்னல் உங்க ஜன்னலோடதான் சேரும்."

"அப்ப அதையே வச்சு செய்வோம் மாஸ்டர்."

"நாலு கிலோதான் இருக்கு. ஜன்னல் கண்ணாடிக்குப் பொறுமையே கிடையாது, உலையை விட்டு எடுத்த உடனே விறைச்சுக்கும். பழகுறதுக்கே பாதி போயிடும்."

பாதிக்கு மேலேயே போனது. பலகையைப் பட்டைகளாக அறுத்தார்கள். கொஞ்சத்தை உருக்கிக் குழல் நுனியில் ஒரு வளையமாக ஏற்றி, தட்டில் வைத்து இளக்கிய பட்டையை அந்த வளையத்தின் மேல் சுருட்டி, ஓரங்களை ஒட்டி, அடியைக் கிள்ளி மூடி ஊதுவது என்பது லூமீர் யோசித்த வழி. இப்படி யாரும் செய்து அவன் பார்த்ததில்லை. செய்யக் கூடாது என்று சொல்லித்தான் கேட்டிருக்கிறான். முதல் ஜாடி ஒட்டின இடத்திலேயே பிளந்தது. இரண்டாவது குழலை விட்டுக் கழன்று தரையில் விழுந்தது. மிலாடா உட்கார்ந்து ஒவ்வொரு சில்லாகப் பொறுக்கினாள். லூமீர் பீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல் இருப்பதற்காகவே வெளியே போனான்.

மூன்றாவதை அவன் பயந்து பயந்து, அரைச் சூட்டிலேயே வெகுநேரம் திருப்பிக்கொண்டிருந்தான். வெளியே எடுத்தபோது அதன் மேல் வெள்ளையாக ஏடு படர்ந்திருந்தது.

"சனியன்! பால் கட்டிடுச்சு," என்று அவன் குழலை உதறப் போனான். "இது செத்த கண்ணாடி. எங்க காலத்துல இப்படி ஒண்ணு எடுத்தா அன்னிக்கு பீர் கிடையாது."

"உதறாதீங்க! மாஸ்டர், உதறாதீங்க."

அவள் போட்ட சத்தத்தில் அவன் கை நின்றுவிட்டது. நீர்த்த பால் மாதிரி, நடுவில் அடர்ந்து ஓரத்தில் இல்லாமலே போகும் அந்த மங்கலை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகுதான் சொன்னாள், அந்த ஊரில் அதுவரை யாரிடமும் சொல்லாததை.

அவள் கணவர் விலேம் முப்பத்தொரு வருஷம் பேருந்து ஓட்டியவர். நுரையீரல் கெட்டபின் கடைசி இரண்டு குளிர்காலத்தையும் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்தே கழித்தார். தெருமுனையில் பேருந்து திரும்பினால், "நாலு நிமிஷம் லேட்டு. கழுதைக்கு கியர் மாத்தத் தெரியலை," என்பார். மூச்சு பட்டுப் பட்டு அந்தக் கண்ணாடியில் ஒரு தட்டு அளவுக்கு எப்போதும் மங்கல் இருக்கும். மிலாடா தினமும் காலையில், "இதைத் தொடைக்கவே எனக்குத் தனியா ஒரு ஆள் போடணும்," என்று முணுமுணுத்துக்கொண்டே துடைப்பாள். அவர் இறந்த பிப்ரவரிக் காலையிலும் துடைத்துவிட்டாள். நன்றாகவே துடைத்தாள், சோப்புத் தண்ணீர் போட்டு. துக்கத்துக்கு வந்தவர்கள் வீடு பளிச்சென்று இருக்கிறதே என்றார்கள்.

லூமீர் திரும்பி, மிச்சமிருந்த பட்டைகளை எண்ணினான். குழலிலிருந்த ஜாடி இதற்குள் ஆறி விரிசல் விட்டிருந்தது.

"இன்னொண்ணுக்குத்தான் வரும்," என்றான் கடைசியில். "எத்தனை நிமிஷம் அரைச் சூட்டுல வச்சேன்னு எனக்கு ஞாபகம் இருக்கு. செஞ்சிடலாம்."

உடைந்த ஜாடியின் துண்டு டாக்டர் ஹவ்லாஸின் கண்ணில் பட்டது அதற்கு அடுத்த நாள். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கண்ணை மூடினார். மூடிய கண்ணோடு என்ன பார்த்தார் என்பது தெரியவில்லை.

"இது தவறில்லை மேடம். இது மறுப்பு! வெளிப்படையா இருக்க மாட்டேன்னு பொருளே மறுக்குது. புது நுட்பம்! புகோவா மங்கல் நுட்பம்னு பேர் வைக்கிறோம். நிறைவு விழாவுக்கு நமக்குப் பணம் தர்ற ஜன்னல் கம்பெனி முதலாளி வர்றார். ஆமா, அடிப்பாகத்துல அவங்க சின்னத்தோட நீலம் கொஞ்சம் வந்தா நல்லா இருக்கும்."

"நீலம் சேராது சார், வெடிச்சிடும்," என்றான் லூமீர்.

"வெடிப்பும் ஒரு உரையாடல்தானே, லூமீர்?"

"முதலாளி மடியில வெடிச்சா உரையாடலாத்தான் இருக்கும் சார்."

நீலம் அத்தோடு கைவிடப்பட்டது. போகிற போக்கில் டாக்டர், "ஒப்பந்தத்துல ஏழாவது பிரிவு தெரியும்ல மேடம்? முடிச்ச படைப்புல ஒண்ணு நம்ம சேகரிப்புக்கு. தேர்ந்தெடுக்கிறது நான்," என்றார்.

மிலாடாவுக்குத் தெரியாது. பதினான்கு பக்கம் படித்தும் புரியாதவள் ஒப்பந்தத்தையா படித்திருப்பாள்? முடிக்கப்போகும் படைப்பே ஒன்றுதான். அந்த ஒன்றும் இந்த ஆள் சேகரிப்புக்கு.

அன்று மதியம் குலாஷ் கறிக்குழம்பு அவள் தட்டிலேயே ஆறிப்போனது. எதிரே உட்கார்ந்திருந்த லூமீர் ரொட்டியால் தன் தட்டைத் துடைத்து முடித்துவிட்டுச் சொன்னான்: "ஜன்னல் கம்பெனிக்குப் பின்னாடி பழைய ஜன்னல் மலை மாதிரி கிடக்கு. ரெண்டு பலகை எடுத்துட்டு வருவோம். அதுல ஒண்ணு ஊதித் தர்றேன். அந்த ஆளுக்கு அதைக் குடுங்க. பாட்டிலுக்கும் விளக்குக் கூண்டுக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷன்."

மிலாடா தட்டை இழுத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள்.

ஆனால் முப்பது வருஷம் பிள்ளைகளின் படத்தில் நிழல் தப்பான பக்கம் விழுந்தால் விடாதவள் அவள். குப்பை மலையில் இரண்டு நாள் ஏறி இறங்கினாள். அதே பச்சை, அதே கனம், அதே அலை இருக்கும் பலகைதான் வேண்டும் என்றாள். "எதுக்கு டீச்சரம்மா இவ்வளவு? எதைக் குடுத்தாலும் அந்த ஆளு கண்ணை மூடிக்கப் போறாரு," என்றான் லூமீர். அவள் கேட்கவில்லை. மாட்டிக்கொண்டால் இருப்பதும் போய்விடும் என்ற பயம். கடைசியில் கிடைத்த பலகை விலேமின் ஜன்னலுக்குக் கூடப் பிறந்ததுபோல் இருந்தது. அநேகமாக அதே தெருவிலேயே கழற்றியதாக இருக்கும்.

விழாவுக்கு முந்தின நாள் இரண்டையும் ஊதினார்கள். முதலில் விலேமுடையது. லூமீர் ஊத, மிலாடா நனைத்த செய்தித்தாளைக் கையில் வைத்து வளைவை ஏந்திக்கொண்டாள். காகிதம் கருகி ஆவி முகத்தில் அடித்தது. அரைச் சூட்டில் இருபத்திரண்டு நிமிஷம். மங்கல் மெதுவாக, உள்ளே யாரோ நெருங்கி வருவதுபோல, வந்து உட்கார்ந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. "நாலு நிமிஷம் லேட்டு," என்று மட்டும் சொன்னாள். லூமீர் சிரிக்காமல் தலையை ஆட்டினான்.

பிறகு குப்பை மலையின் ஜாடி. பழகிப்போன கை, அதுவும் நன்றாகவே வந்தது. கொஞ்சம் அதிகமாகவே நன்றாக வந்தது.

இரண்டும் ஆறவைக்கும் அடுப்புக்குள் போயின. விலேம் இடது பக்கம், மற்றது வலது பக்கம். அடையாளம் எதுவும் வைக்கவில்லை. வைக்கிற வழக்கமும் இல்லை: அந்தச் சூட்டில் எந்த எழுத்தும் நிற்காது. ஆறி வெளியே வந்த பிறகுதான் லூமீர் அடியில் வைர ஊசியால் கீறுவான். காலை ஏழு மணிக்கு அவனே திறந்து, இடது பக்க ஜாடியைத் துணியில் சுற்றி அவள் பெட்டியில் வைத்துவிடுவதாகப் பேச்சு.

ஏழு மணிக்கு இருவரும் வந்தபோது அடுப்புக் கதவு திறந்திருந்தது. ஜாடிகள் இரண்டும் வாசலுக்கு எதிரே மேஜை மேல் வெயிலில் நின்றன. ஒரு புகைப்படக்காரன் மண்டியிட்டிருந்தான். டாக்டர் ஹவ்லாஸ் இரண்டு கையாலும் ஜாடிகளை நகர்த்தி, திருப்பி, இடம் மாற்றி, மறுபடி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

"ஆச்சரியம் தரணும்னு மறைச்சீங்களா மேடம்? ஜோடி! ஜோடியா செஞ்சிருக்கீங்க!"

லூமீர் காலியாயிருந்த அடுப்பை எட்டிப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "டாக்டர் சார், எது எந்தப் பக்கம் இருந்துது?"

"எடுத்தது இந்த போட்டோ தம்பிதான். அதுவா முக்கியம்? ரெண்டும் ஒண்ணையொண்ணு நகல் எடுக்குது. எது அசல்ங்கிற கேள்வியையே இந்தப் படைப்பு ரத்து பண்ணுது!"

புகைப்படக்காரனுக்கும் ஞாபகம் இல்லை.

மிலாடா மேஜையருகே போனாள். இரண்டையும் தூக்கிப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள், வெளிச்சத்தில் பிடித்தாள். அதே பச்சை, அதே கனம், அதே அலை. தேடித் தேடிப் பொறுக்கியதாயிற்றே. லூமீர் தன் பங்குக்கு ஒட்டுக்கோட்டை விரலால் தடவினான். அவனுடைய ஒட்டு அவனுக்கே தெரியவில்லை. முப்பது வருஷத்தில் முதல்முறையாகத் தன் கைத்திறமையைத் திட்டினான்.

மாலையில் விழா. ரொட்டித் துண்டுகளில் உருளைக்கிழங்குக் கூட்டும் ஹாம் இறைச்சியும் வைத்துத் தட்டுத் தட்டாக வந்தது. ஜன்னல் கம்பெனி முதலாளி ஒரு ஜாடியைப் பார்த்து, "இதைத் தொடைச்சா போயிடுமா?" என்று கேட்டார். அன்று அங்கே கேட்கப்பட்ட ஒரே நேர்மையான கேள்வி அதுதான். பிறகு டாக்டர் ஹவ்லாஸ் ஏழாவது பிரிவின்படி கண்ணை மூடி, திறந்து, கொஞ்சமும் தயங்காமல் ஒன்றைத் தூக்கினார்.

"இதுலதான் இருப்பு இருக்கு!"

எல்லாரும் கைதட்டினார்கள். அவர் கைக்குப் போன கணத்திலேயே மிலாடாவுக்கு அதில் விலேம் தெரிந்தார். நடுவில் அடர்ந்து ஓரத்தில் கரையும் அதே மங்கல். மேஜையில் மிச்சமிருந்தது வெறும் ஜாடி. அவர் மற்றதைத் தூக்கியிருந்தால் விலேம் அதில் தெரிந்திருப்பார் என்பதும் அவளுக்குத் தெரியாமல் இல்லை.

விருந்தினர்கள் போனதும் லூமீர் வைக்கோல் பரப்பிய பெட்டியோடு வந்தான்.

"கவலைப்படாதீங்க டீச்சரம்மா. அந்த ஆளு எடுத்தா அது தப்பாத்தான் இருக்கும். எத்தனை பேரோடதை எடுத்திருக்காரு! இருக்கிறதுலயே மட்டமானது எதுவோ, கை நேரா அதுக்குத்தான் போகும். நம்மளது உங்ககிட்டதான் இருக்கு."

ஒரு மனிதனின் ரசனைக் கேட்டின் மேல் மிலாடா அதுவரை இவ்வளவு நம்பிக்கை வைத்ததில்லை.

"ஒரு தடவைகூட சரியானதை எடுத்ததில்லையா மாஸ்டர்?"

பொய் சொல்லியிருக்கலாம். வைக்கோலை அழுத்திக்கொண்டிருந்தவன் யோசித்தான். தேவைக்கு அதிகமாகவே யோசித்தான்.

"ஒரு தடவை," என்றான். "ஒரே ஒரு தடவை."

ஜாடி இப்போது அவளுடைய மூன்றாம் மாடிக் குடியிருப்பில், அலமாரிக்கு மேல் இருக்கிறது. மற்றது புகோவாவில், அறக்கட்டளையின் காட்சிக்கூடத்துக் கண்ணாடிப் பேழைக்குள், 'மறுக்கும் ஒளி' என்ற அட்டையோடு இருக்கிறது. அட்டையில் பதினொரு வரி. விலேம் அதிலும் இல்லை. மாதத்தில் முதல் வியாழக்கிழமை மிலாடா இரண்டு பேருந்து மாறி அங்கே போகிறாள். முதியோர் சீட்டு வாங்கிக்கொண்டு, மற்ற எதையும் பார்க்காமல் அந்தப் பேழைக்கு எதிரே போய் நிற்கிறாள்.

காவலுக்கு உட்கார்ந்திருக்கும் பெண், பின்னிக்கொண்டிருந்த காலுறையைக் கீழே வைத்துவிட்டு நாலாவது மாதம் கேட்டேவிட்டாள்: "தப்பா நெனைச்சுக்காதீங்கம்மா. இதுல அப்படி என்னதான் இருக்கு?"

"தெரியலையேம்மா," என்றாள் மிலாடா. "அதைப் பார்க்கத்தான் வர்றேன்."