பழம் தொங்கிய கம்புகள்

மரக்கடைத் தோகுசோ எழுபத்திரண்டு வயதிலும் ஒரு மரப்பலகையைத் தானே தோளில் சுமந்து வந்தார். பழைய காகிதங்களைச் செப்பனிடும் சிகுசாவின் பட்டறை முழுக்க ஹினோக்கி மரத்தின் வாசனை பரவியது.

"கோயில் கட்டுற மரம்மா. மினேவோட கடுதாசி இதுலதான் காயணும்."

மினே, போன வருஷம் இறந்துபோன அவருடைய மனைவி. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் எழுதிய ஒரே கடிதம், கூரை ஒழுகி நனைந்து சுருங்கிப் போயிருந்தது. அதை விரித்து ஒட்டி உலர்த்த வேண்டும். சிகுசாவின் பழைய உலர்த்துப் பலகையோ கோணிவிட்டது. மெல்லிய சட்டங்களைக் கட்டம் கட்டமாகக் கோத்து, அடுக்கடுக்காகக் காகிதம் ஒட்டி, காகிதத்தை இறுக்கும் துவர்ப்பான பனிச்சைக்காய்ச் சாறு பூசிப் புதிதாகச் செய்தாக வேண்டும்.

சிகுசா மரத்தைத் தடவினாள். விரலில் பிசுபிசுத்தது.

"ஐயா, இதுல எண்ணெய் சாஸ்தி. நாளாக நாளாகக் கடுதாசியில ஏறிக் கறையாயிடும். நல்லாக் காஞ்ச ஸுகி மரம் போதும்."

"ஸுகியா? வேலிக்குப் போடுற மரம்! நாப்பது வருஷம் என்னோட மல்லுக்கட்டினவளுக்கு அதுவா?"

அவர் முகம் சுருங்கியது. சிகுசா கடிதத்தைப் பதமாக விரித்தாள்.

"ஒரு வரிதான் தெரியுது. 'மழைக்கு முன்னால காயப்போட்ட பழத்தை உள்ளே எடுங்க, மறந்துடுவீங்க'ன்னு இருக்கு. எடுத்தீங்களா?"

"எங்க! காக்காதான் தின்னுச்சு. நூலைக்கூட இன்னும் அவுக்கல."

"எதுல கட்டித் தொங்கவிட்டிருந்தாங்க?"

"தாழ்வாரத்துல கம்பு..." அவர் நிறுத்தினார். மரக்காரருக்கு அதற்குமேல் சொல்லவேண்டியதில்லை. "ஸுகிதான். ஒரு கணு கிடையாது. விக்க வெச்சிருந்ததைப் பொறுக்கிட்டுப் போனா, திருடி! இருபது வருஷமாக் காயுது."

மறுநாள் காலை, சட்டங்களாக அறுக்க அந்தக் கம்புகள் வந்தன. பழம் கட்டிய நூல்கள் அவற்றில் அப்படியே இருந்தன. சிகுசா கத்தரியை எடுத்ததும் அவர் தடுத்தார்.

"அவ போட்ட முடிச்சு. நானே அவுக்கிறேன்."

ஒவ்வொன்றாக அவிழ்த்தார். மதியமாயிற்று. சிகுசா தேநீர் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்து, அவர் முடிக்கும்வரை வேறு வேலை இருப்பதுபோல் பசை கிண்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஹினோக்கி வீணாக வேண்டாம், ஐயா," என்றாள் பிறகு. "வீட்டுப் புத்தர் மாடத்துல மினேக்கா நினைவா ஒரு பீடம் பண்ணுங்க."

அவர் கைகூப்பினார்.

சாறு ஊறிப் பலகை பதமாக ஒரு வருஷம் ஆயிற்று. அடுத்த குளிர்காலத் தொடக்கத்தில் கடிதம் அதிலிருந்து சுருக்கமே இல்லாமல் உரிந்து வந்தது. தோகுசோ அதை இரு கைகளிலும் வாங்கினார். அந்த ஒரு வரியைப் படித்ததும் ஜன்னல் வழியே கருமேகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று எழுந்தார்.

"வரேன்மா. இந்த வருஷம் மூங்கில்ல கட்டியிருக்கேன். பழமெல்லாம் வெளியில தொங்குது!"