பீச்சாங்கைப் பியானோ

சொக்கம்மாள் நீட்டிய சோடாவைப் பாதிப் பேர் வாங்க மாட்டார்கள். சோடாவில் குறை இல்லை. பாட்டிலை எடுப்பது, கோலியை உள்ளே தள்ளுவது, நுரை வழியக் கொடுப்பது எல்லாமே அவளுக்கு இடது கைதான்.

"அய்ய, பீச்சாங்கையால குடுக்கிறியே!" என்று முகத்தைச் சுளிப்பார்கள்.

"வயித்துக்குள்ள போன சோடாவுக்கு எந்தக் கைன்னு தெரியுமாய்யா?" என்று கேட்டுக்கொண்டே அடுத்த பாட்டிலையும் அதே கையால் உடைப்பாள்.

பரசுராமன் ராயபுரத்தில் கடலோரமாக டெண்ட் அடித்து பயாஸ்கோப்பு காட்டிய காலம் அது. படம் பேசாது. அதற்கும் சேர்த்துத் திரைக்குப் பக்கத்தில் ஒரு பியானோ பேசும். சீமைக்குத் திரும்பிப்போன ஒரு துரை வீட்டு ஏலத்தில் எடுத்த பெட்டி அது. உப்புக்காற்று அரித்து இடது கோடியில் ஒரு கட்டை ஊமையாகிவிட்டிருந்தது. ரயில்வே கூட்ஸ் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த வால்டர் என்கிற சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ இந்திய, வாலிபன், சாயங்காலம் ஆனால் வந்து அதை வாசிப்பான்.

சொக்கம்மாளின் சோடாப் பெட்டி அந்தப் பியானோவின் இடது பக்கத்தில் இருந்தது. அவளுக்கு முப்பது வயது. மூன்று வருஷமாக டெண்டுக்குள்ளேயே கிடந்தும் ஒரு படத்தைக்கூட அவள் முழுசாகப் பார்த்ததில்லை. அவள் கண் வால்டரின் இடது கையிலேயே இருக்கும். வலது கை மேலே ஓடியாடி எல்லார் கவனத்தையும் வாங்கிக்கொள்ளும். இடது கை கீழே உட்கார்ந்து 'டும் சக் சக், டும் சக் சக்' என்று மொத்தப் பாட்டையும் முதுகில் தூக்கிக்கொண்டு போகும். அவள் விரல்களும் சோடாப் பெட்டியின் மேல் அதையே தட்டிக்கொண்டிருக்கும்.

ஒரு புதன்கிழமை வால்டரின் சைக்கிள் சக்கரம் டிராம் தண்டவாளத்தில் மாட்டி அவன் குப்புற விழுந்தான். இடது மணிக்கட்டு பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. சனிக்கிழமை புதுப்படம். ஊரெல்லாம் தமுக்கடித்தாகிவிட்டது. பரசுராமன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

வியாழன் மத்தியானம் வால்டர் கட்டுப் போட்ட கையோடு வந்து, வலது கையால் மட்டும் வாசித்துப் பார்த்தான். சத்து இல்லாத கஞ்சி போல இருந்தது. பக்கத்தில் பாட்டில் அடுக்கிக்கொண்டிருந்த சொக்கம்மாளுக்குப் பொறுக்கவில்லை. கை தானாக நீண்டது. டும் சக் சக்.

வால்டர் சட்டென்று நிறுத்தினான். அவள் சுட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டாள்.

"தெரியாம தொட்டுட்டேன் தொரை."

"இன்னொரு வாட்டி தொடு!" என்றான் அவன். அவள் தொட்டாள். அவன் வாயைப் பிளந்தான். "ஏம்மே, பியானோ கத்துக்க வர்றவங்க எல்லாருக்கும் எடது கைதான் நொண்டும். எனக்கே ஒரு வருசம் நொண்டிச்சு. உனக்கு மட்டும் எப்படி ஓடுது?"

"அது ஒண்ணுதான் தொரை என் பேச்சைக் கேக்கற கை!"

இரண்டு மத்தியானம் இருவரும் ஒரே பலகையில் உட்கார்ந்து பழகினார்கள். கோலி தள்ளித் தள்ளி உரமேறிய கட்டைவிரலால் அவள் அடித்த அடியில் பெட்டி குலுங்கியது. "மாவு பிசையாத, தடவு" என்று வால்டர் கத்தினான். ஊமைக் கட்டை வரும் இடத்தில் தாளம் ஓட்டை விழுந்தது. அவள் யோசித்தாள். அந்த இடம் வந்ததும் பெட்டியின் பக்கப் பலகையில் பட்டென்று அறைந்தாள். வால்டர் சிரித்துச் சிரித்து, அடிபட்ட கையை மறந்து கைதட்டப்போய் "ஐயோ அம்மா" என்று அலறினான்.

"பொம்பளை, அதுவும் பீச்சாங்கை. வெளங்குமா?" என்று முனகினார் பரசுராமன்.

"கையே இல்லாததுக்கு இது தேவலை மொதலாளி" என்றான் வால்டர்.

சனிக்கிழமை டெண்ட் பிதுங்கியது. தரை டிக்கெட்டில் அவள் புருஷன் கிருஷ்ணப்பனும் இருந்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். பெண்டாட்டி வாசிக்கப்போவது அவனுக்குத் தெரியாது. படத்தில் ராஜகுமாரியை ஒருவன் தூக்கிக்கொண்டு போக, ராஜகுமாரன் குதிரையில் துரத்தினான். அதுவரை பயந்து பயந்து வாசித்த சொக்கம்மாளுக்குக் குதிரையைக் கண்டதும் வெறி பிடித்துவிட்டது. டும் சக் சக், பட்! டும் சக் சக், பட்! வால்டரின் வலது கை வேர்த்துக்கொண்டு பின்னால் ஓடியது. "மெதுவாம்மே!" என்று அவன் கெஞ்சினான். அவள் காதில் விழவில்லை.

பின்னால் படம் ஓட்டும் மெஷினின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்த அமீரின் காதிலோ அவள் தாளம் நன்றாகவே விழுந்தது. அவன் கையும் தாளத்தோடு சேர்ந்துகொண்டது. திரையில் குதிரை பறந்தது. வில்லன் அதைவிட வேகமாகப் பறந்தான். கத்திச் சண்டை கண் இமைப்பதற்குள் முடிந்து, அடுத்த நொடியே கல்யாணமும் ஆகிவிட்டது. ஜனங்கள் விசிலடித்தார்கள், துண்டைச் சுழற்றினார்கள், பலகை அறைகிற இடம் வரும்போதெல்லாம் தொடையில் அறைந்தார்கள்.

விளக்கு வந்ததும் கிருஷ்ணப்பன் துள்ளி எழுந்தான். "டேய், அது எம் பொண்டாட்டிடா!"

"அமீரு, இப்படிச் சுத்திப் படத்தைக் கொளுத்திப்புடாதடா!" என்று பரசுராமன் ஓடினார். கூட்டமோ "குதிரையைத் திருப்பிப் போடு!" என்று கத்தியது. அன்றைக்குக் குதிரை மூன்று தடவை ஓடியது.

வால்டரின் கை குணமாக ஒரு மாதம் ஆயிற்று. அவன் இரண்டு கையோடு தனியாக உட்கார்ந்த முதல் நாளே "சோடாக்காரி எங்க?" என்று தரை டிக்கெட் கூச்சல் போட்டது. அன்றிலிருந்து ராயபுரம் டெண்டில் பியானோவை மூன்று கைகள் வாசித்தன. சோடாவைத் தொட மறுத்தவர்களே அவள் இடது கையிலிருந்து வாங்கக் கூட்டம் போட்டார்கள்.

"இனிமே சோத்தாங்கை" என்றான் வால்டர். அங்கேதான் வம்பு. அவள் வலது கை சம்பந்தி வீட்டார் மாதிரி முறைத்துக்கொண்டு நின்றது. இடது கை தட்டினால் இதுவும் அதையே தட்டியது. இதை ஓடச் சொன்னால் அது நின்றுபோனது. சொக்கம்மாள் அதை வைதாள், கொஞ்சினாள். "தினமும் உனக்குத்தானே சோறு போடறேன்?" என்று கேட்டுச் சண்டையும் போட்டாள். மார்கழி போய்த் தை வந்தது.

ஒரு மத்தியானம் டெண்டில் அவளைத் தவிர யாருமில்லை. கீழே டும் சக் சக் போய்க்கொண்டிருந்தது. மேலே ஐந்து விரல்களும் தனி வழியில் ஏறின, இறங்கின, திரும்ப ஏறின. எட்டுச் சுற்றுத் தாளம்! அவள் மூச்சே விடவில்லை. எட்டு முடிந்ததும் உட்கார்ந்திருந்த பலகையைத் தள்ளிவிட்டு, கொண்டை அவிழ, வெறுங்காலோடு சுடுமணலில் ஓடினாள். முன்பின் தெரியாத ஒருவர் கட்டுமரத்தின் நிழலில் வலை பிரித்துக்கொண்டிருந்தார்.

"யோவ், ரெண்டும் ஒண்ணா சேந்துகிச்சுய்யா! சண்டையே போடாம!"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நல்லா இருக்கட்டும் தாயி. எப்பக் கல்யாணம்?"

அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே, விரல்களுக்கு மறந்துபோவதற்குள் இன்னொரு தரம் வாசித்துவிட டெண்டைப் பார்த்துத் திரும்ப ஓடினாள்.