பேராக் என்ன சொல்லுது

காளியம்மா அன்றைக்கு இரண்டாவது மூட்டை வெங்காயத்தில் பாதியைத் தாண்டியிருந்தாள். ஈப்போவின் சிலிபின் பகுதியில் சலாஹுதீன் நடத்தும் சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம், கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் கூடையின் மேல் உட்கார்ந்து பதினோரு வருஷமாக உரித்துக்கொண்டிருக்கிறாள். வெங்காயத்துக்கெல்லாம் அவள் கண் கலங்குவதை நிறுத்தி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. கல்லாவில் இருக்கும் முதலாளி மகள் அஃப்ரீன் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி ஓடி வந்தாள்.

“ஆன்ட்டி, பிரான்ஸ்லேருந்து பதில் வந்துருச்சு!”

“நான் அங்க பொறந்தேனா இல்லியா? அத மொதல்ல சொல்லும்மா.”

ரொட்டி சானாய்க்கு மாவு வீசிக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். ஒரு பக்கம் பாரிட் புந்தார், இன்னொரு பக்கம் சித்தியவான், அவ்வளவுதான் காளியம்மா பார்த்த உலகம். ஆனால் காகிதத்தைக் கேட்டால் அவள் பிரெஞ்சுக்காரி.

எல்லாம் ‘இங்கே’ என்ற ஒரு சொல்லால் வந்த வினை. அவள் பிறந்தது ஈப்போவிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருந்த ரப்பர் தோட்டத்தில். சனங்கள் அதைச் சாம்பார் தோட்டம் என்பார்கள். அந்தப் பேருக்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். மழை பெய்தால் மண் சாம்பார் நிறத்தில் ஓடும் என்பார் ஒருவர். முதல் கங்காணி பெண்டாட்டி வைத்த சாம்பாருக்குத் துரையே மயங்கினான் என்பார் இன்னொருவர். காளியம்மா பிறந்தபோது பிறப்புப் பத்திரம் எடுக்க அப்பா சின்னையாவுக்குத் தோன்றவில்லை. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி மட்டும் கம்பெனித் தாளில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தார். சின்னையா மகள் காளியம்மா, 1957 டிசம்பர் பதினாலாம் தேதி இங்கே பிறந்தாள். கிராணி ஐயா எழுதியது அவ்வளவுதான். தாளின் தலையில் அச்சடித்திருந்ததோ கம்பெனியின் சொந்த ஊர் விலாசம்: ஷாம்பார், பிரான்ஸ்.

மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், கிடைத்து நாலாவது மாதம் பிறந்தவள். இந்த மண்ணில் பிறந்திருந்தால் குடியுரிமை தானாக உண்டு. வேறெங்கோ பிறந்திருந்தால் கிடையாது. பன்னிரண்டு வயதில் கையில் கொடுத்தது சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாதவர்களின் அடையாள அட்டை. தோட்டமும் கைமாறிச் செம்பனைத் தோட்டமாகி, அப்புறம் வீடமைப்புப் பகுதியாகவும் ஆகிப்போனதில், சாட்சி சொல்ல ஆளும் இல்லை, ஏடும் இல்லை. ஓட்டுப் போட்டதில்லை, பாஸ்போர்ட் எடுத்ததில்லை. அது பாட்டுக்கு அது, நான் பாட்டுக்கு நான் என்று இருந்துவிட்டாள்.

இப்போது அப்படி இருக்க முடியவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் மகள் பிரமிளாவுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து வயிற்றில் தங்கியிருக்கிறது. இதற்கு முன் இரண்டு தங்கவில்லை. டாக்டர் அசையாமல் படுக்கச் சொல்லியிருக்கிறார். “நீ பக்கத்துல வந்து ஒக்காந்தா போதும்மா” என்று போனில் அழுகிறாள். நடுவில் இருப்பது ஒரு பாலம். அதைத் தாண்டக் குடிமக்களின் நீல ஐசி வேண்டும், பாஸ்போர்ட் வேண்டும். பதிவு இலாகா கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் பொறுமைசாலி. கம்பெனித் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மக்சிக், இந்தத் தாளில் உள்ள ஊரில் நீங்கள் பிறக்கவில்லை என்று அந்த ஊர்க்காரர்களிடமிருந்தே ஒரு சூராட், ஒரு கடிதம், வாங்கி வாருங்கள் என்றாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். அஃப்ரீன்தான் கைப்பேசியிலேயே மொழிபெயர்த்து அந்த ஊர் மன்றத்துக்கு எழுதிப் போட்டாள். பன்னிரண்டு நாளாகிவிட்டது.

“பொறக்கல ஆன்ட்டி. சொந்தக் கைப்பட எழுதி முத்திரை குத்தியிருக்காங்க. ஒரிஜினல் தபால்ல வருதாம்.”

காளியம்மா கத்தியைக் கீழே வைத்தாள். “வாசி.”

எழுதியது ஊர் மன்றத்தின் செயலாளர் அம்மாள். செவ்வாயும் வெள்ளியும் காலையில் மட்டும் திறக்கிற அலுவலகமாம். ஊரில் மொத்தம் நூற்றுத் தொண்ணூற்று மூன்று பேர். ரொட்டிக்கடை மூடிப் பல காலம், வாரம் இரண்டு தடவை வேனில் ரொட்டி வருகிறது. 1957இல் அங்கே பிறந்தவை மூன்றே குழந்தைகள். ‘அவர்களில் தாங்கள் இல்லை என்பதைத் தெரிவிக்க வருந்துகிறேன்’ என்று எழுதியிருந்தாள்.

“ஐயோ பாவம், அவ எதுக்கு வருத்தப்படுறா? நல்லா இருக்கட்டும்” என்றாள் காளியம்மா.

கடிதம் அதோடு நிற்கவில்லை. அந்த ஊர் ரொட்டிக்காரரின் இரண்டாவது மகன் நூறு வருஷத்துக்கு முன்னால் மலாயாவுக்குக் கப்பலேறிப் பேராக்கில் தோட்டம் போட்டு, அதற்கு ஊர்ப்பேரையே வைத்தானாம். ரப்பர் லாபத்தில் ஊர் தேவாலயத்துக்குக் கடிகாரம் வாங்கிக் கொடுத்தான். அதன் முகத்தில் ‘பேராக்’ என்று பொறித்திருக்கிறது. ஊர்க்காரர்கள் மணி என்ன என்று கேட்பதில்லை, பேராக் என்ன சொல்லுது என்றுதான் கேட்பார்கள். கடிகாரம் செய்த கம்பெனியின் பெயர் என்றே இத்தனை நாளும் தான் நினைத்திருந்ததாகவும், அது ஒரு ஊர் என்று காளியம்மாவின் விண்ணப்பம் வந்த பிறகுதான் பழைய ஏடுகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டதாகவும் அந்த அம்மாள் எழுதியிருந்தாள். கடைசியில் ஒரு கேள்வி: எங்கள் ஊரின் பெயர் அங்கே இன்னும் இருக்கிறதா?

“ஷாம்பார்னு வாசிக்கணுமாம் ஆன்ட்டி. அதத்தான் நீங்க சாம்பார் ஆக்கிட்டீங்க.”

சமையல்கட்டே சிரித்தது. காளியம்மாவும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. அம்மா ஞாபகம் வந்துவிட்டது. விடியுமுன் பெரட்டுக்கு ஆள் கூப்பிடத் தண்டவாளத் துண்டில் அடிப்பார்கள். பெயர் வாசித்து முடித்தபின் போனால் அன்றைக்கு வேலை இல்லை, திரும்பிப் போ என்பார்கள். காதில் அந்த அடி விழாமல் போய்விடுமோ என்ற பயத்தில் அம்மா அரைத் தூக்கம்தான் தூங்குவாள். தொழிலாளர் குடியிருந்த லயத்தில் ஒரு வீட்டிலும் கடிகாரம் கிடையாது. எங்கோ ஒரு ஊருக்கு மணி காட்ட அம்மா ரப்பர் மரம் சீவியிருக்கிறாள், அவளுக்கு மணி பார்க்கத் தெரியாது. காளியம்மாவுக்குக் கோபம் வந்தது. அந்தச் செயலாளர் மேல் இல்லை. யார் மேல் என்று தெரியாத கோபம். அதை வைத்துக்கொண்டே மிச்ச வெங்காயத்தை உரித்து முடித்தாள்.

தபாலில் அசல் கடிதம் வந்த மறுநாள் அஃப்ரீன் அவளைத் தன் மைவி காரில் கூட்டிப்போனாள். கவுண்டர்ப் பெண் முத்திரையைப் பார்த்தாள், மொழிபெயர்ப்பைப் பார்த்தாள், உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தாள். விண்ணப்பப் பாரத்தை எடுத்துக்கொண்டு, பிறந்த இடம் என்றாள்.

காளியம்மாவின் வாயில் சாம்பார் என்று வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு, “பேராக்” என்றாள்.

அந்தப் பெண் எழுதினாள். மனு மேலே போக வேண்டும், ஆறு வாரம் ஆகலாம், கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம் என்றாள். பிறகு கம்பெனித் தாளையும் கேட்டாள். அசல் இங்கேதான் இருக்க வேண்டுமாம். அறுபத்தெட்டு வருஷம் பால் டின்னில் வைத்துக் காத்த தாள். இனி அது யானை வாய்க் கரும்புதான். தாளின் ஒரு முனையைக் காளியம்மா பிடித்திருந்தாள், மறுமுனையை அந்தப் பெண் பிடித்திருந்தாள். பிரமிளாவின் பிரசவத்துக்கு இன்னும் ஏழு வாரம். காளியம்மா கையை எடுத்தாள்.

காரில் ஏறியதும் அஃப்ரீன் கேட்டாள். “அந்த மேடத்துக்கு என்னா எழுதட்டும்? பேரு இருக்கான்னு கேட்டாங்கல்ல?”

தோட்டத்து வாசலில் இப்போது வேறு பெயர்ப்பலகை. இந்த நாட்டில் அந்தப் பெயர் அச்சில் இருந்த ஒரே காகிதத்தை இப்போதுதான் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

“இருக்குன்னு எழுது. சாம்பார்னு இருக்குன்னு எழுது லா.”

கைப்பேசி அடித்தது. பிரமிளா. “ம்மா, என்னா சொன்னாங்க? எப்ப வருவ?”

“வாரேன்மா. ஆறு வாரம்னு சொல்றாங்க. நீ அசையாம படு.”

பேசி முடித்தபின் அஃப்ரீன் பக்கம் திரும்பினாள். அந்தக் கடிகாரத்தைக் காட்டு என்றாள். செயலாளர் அம்மாள் கடிதத்தோடு அனுப்பியிருந்த சின்ன வீடியோ அது. சாம்பல் நிறக் கோபுரம், மேலே ஒரு புறா, வெள்ளை முகத்தில் கறுப்பு எழுத்து. வெகுநேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு பெரிய முள் லேசாக நடுங்கி, ஒரு தாவு தாவி, அடுத்த கோட்டில் நின்றது.

“இன்னொரு தடவ போடு” என்றாள் காளியம்மா.