அண்ணன் கேட்ட பானை

"சனிக்கிழமை வர்றேன், பானை வெச்சிரு" என்று எராகுக்கு அண்ணன் இஜாலா சொல்லியனுப்பினார். தேசோ நாட்டில் இதற்கு ஒரே அர்த்தம்தான்: சண்டையை முடித்துக்கொள்ள வருகிறார். இரண்டு பேரும் ஒரே பானையில் நீளக் குழல் விட்டு, குறையக் குறைய வெந்நீர் ஊற்றும் அஜோன் என்ற கேழ்வரகுக் கள்ளை உறிஞ்சிவிட்டால் பகை தீர்ந்தது. ஒருவன் வேண்டாம் என்றால் தீரவில்லை. வயிறு சரியில்லை, மருந்து சாப்பிடுகிறேன் என்பதெல்லாம் அங்கே எடுபடாது. அப்படிச் சொல்லி நழுவியவர்களை ஊர் நிறையவே பார்த்திருக்கிறது.

எராகு மருந்து சாப்பிடுகிறவன்தான். சொரோட்டி ஆஸ்பத்திரியில் கை உதறி, சுவரெல்லாம் எறும்பு ஊர்வதாகக் கத்தி, ஊசி போட்டுத் தூங்க வைக்கப்பட்டு, ஒருவழியாகத் தெளிந்து வீடு திரும்பியவன். தினமும் காலையில் மனைவி அமூலென் குடியை நிறுத்தும் மாத்திரை ஒன்றை அவன் நாக்கில் வைத்து, விழுங்கும்வரை நின்று பார்ப்பாள். அதற்கு மேல் ஒரு வாய் குடித்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். ஒருமுறை திருட்டுத்தனமாகக் குடித்துப் பார்த்தான். முகம் நெருப்பாகி, நெஞ்சு படபடத்து, குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்து வாசலில் கிடந்தான். இன்னொரு முறை இதயம் தாங்காது என்றார் நர்ஸ்.

இத்தனைக்கும் அவனுக்குப் பயமில்லை. தெளிந்ததிலிருந்து அவனுக்கு எதுவுமே இல்லை. மழை பெய்தால் மழை, சோறு வைத்தால் சோறு. அண்ணன் வருகிறார் என்றபோதும் தலையை ஆட்டினான், அவ்வளவுதான்.

"நான் வேணா மாமாகிட்ட சொல்லிப் பாக்கட்டுமா?" என்றாள் அமூலென்.

"நம்ப மாட்டாரு. நான் சொன்ன எத அவரு நம்பினாரு?"

"நம்புற மாதிரி எத நீங்க சொன்னீங்க?"

அதுவும் சரிதான். அண்ணனுடைய ஏர்மாடுகளில் ஒன்றை இரவல் வாங்கிப்போய், குடித்துவிட்டுச் சதுப்பு ஓரத்தில் கட்டிப்போட்டுத் தூங்கியவன் அவன். விழித்தபோது கயிறுதான் இருந்தது. போய்க் காலில் விழுந்திருக்கலாம். "உன் மாடு, உன் தலையெழுத்து" என்று உளறிவிட்டு வந்தான். ஜோடி இல்லாத மாட்டை வைத்துக்கொண்டு யார் உழுவது? இஜாலா அதையும் விற்றுவிட்டு அவரும் பானைப் பக்கம் போனார். அன்றோடு பேச்சு நின்றது.

"ஒண்ணு செய்யுங்க," என்றாள் அமூலென். "குழல வாயில வெச்சுக்கங்க. உறிஞ்சாதீங்க. நான் நடுவுல வந்து வெந்நீ ஊத்திட்டுப் போறேன். அவருக்கென்ன தெரியப்போகுது?"

சனிக்கிழமை இஜாலா வந்ததைப் பார்த்து அமூலென் அடுப்படியிலேயே நின்றுவிட்டாள். கண் இரண்டும் மஞ்சள். கை கால் குச்சி, வயிறு மட்டும் நிறைமாதம். எராகும் பார்த்தான். இவர் அதிக நாள் இருக்க மாட்டார் என்று தோன்றியது. வேறெதுவும் தோன்றவில்லை. தோன்றவில்லையே என்றுதான் வெட்கமாக இருந்தது.

மாமரத்தடியில் பானைக்கு இருபுறமும் உட்கார்ந்தார்கள். குழல்களை உள்ளே விட்டார்கள். புளித்த கேழ்வரகின் ஆவி எராகின் மூக்கில் ஏறியது. வாயில் எச்சில் ஊறியது. குழலைப் பல்லால் கடித்துக்கொண்டான்.

"அண்ணே, அந்த மாடு..." என்று ஆரம்பித்தான்.

"மாடா? அது இந்நேரம் எந்தக் கல்யாணத்துலயோ வெந்து எவன் வயித்துலயோ போயிருக்கும். குடிடா."

"குடிக்கிறேண்ணே. நீங்க குடிங்க."

"நான் குடிச்சிட்டுத்தான இருக்கேன். கண்ணு தெரியலையா உனக்கு?"

அண்ணனின் கன்னத்தை நிமிர்ந்து பார்க்க எராகுக்குத் துணிச்சல் வரவில்லை. பார்த்தால் அவர் இவன் கன்னம் குழியாமல் இருப்பதைப் பார்ப்பார். குனிந்தபடியே விளைச்சலைப் பற்றிப் பேசினார்கள், யார் யார் செத்தார்கள் என்று பேசினார்கள். நிழல் நகர்ந்தது.

அமூலென் கெட்டிலோடு வந்தாள். இவன் தொடாவிட்டாலும் அவர் பாதியாவது இறக்கியிருப்பார் என்ற நினைப்பில், பேச்சைக் கேட்டுக்கொண்டே பானையைப் பார்க்காமல் சாய்த்தாள். வெந்நீர் விளிம்பில் வழிந்து நாலாபக்கமும் ஓடியது.

"ஐயோ, மாமா! நீங்களும் குடிக்கலையா?"

இஜாலா குழலை வாயிலிருந்து எடுத்தார். திருடி அகப்பட்டவர் மாதிரி இருந்தார்.

"ஒரு சொட்டு உள்ள போனா அவ்ளோதான்னு டாக்டர் சொல்லிட்டாரும்மா. ஈரல் போயிருச்சாம். குடிக்க மாட்டேன்னு இவன்கிட்ட எப்பிடிச் சொல்றது? கோவம் இன்னும் போகலன்னுல்ல நெனப்பான்." பிறகுதான் அவருக்கு உறைத்தது. "நீங்களும்னா? நீயும் குடிக்கலயாடா?"

எராகு பதில் சொல்வதற்குள் அவர் அலறினார்.

"டேய், காலு! காலை எடுடா! கொதிக்கிற தண்ணிடா!"

எராகு குனிந்து பார்த்தான். பாதம் வெந்நீருக்குள் இருந்தது. ஆவி வந்துகொண்டிருந்தது. காலை மெதுவாக இழுத்துக்கொண்டான்.

"தெரியலண்ணே. பாதம் ரெண்டும் செத்துப்போச்சு. நரம்பையெல்லாம் சாராயம் தின்னுருச்சுன்னாங்க."

இஜாலா அந்த வயிற்றோடு மண்டியிட்டார். அமூலென் குளிர்ந்த தண்ணீர் கொண்டுவர, அவரே வாங்கி வாங்கி ஊற்றினார். மூச்சு வாங்கியது. சிவந்துபோன பாதத்தை மடியில் எடுத்து வைத்து, தோல் பிய்யாத இடத்தில் உள்ளங்கையை வைத்தார்.

"இங்க தெரியுதா?"

"இல்லண்ணே."

"இங்க?"

எராகு தன் காலையும் அதன்மேல் இருந்த அந்த மெலிந்த கையையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியலண்ணே," என்றான். "கைய எடுத்துறாதீங்க."